மோப்ப நாய்ப் போட்டிக்கு நடுவராகப் புகுவோர்க்கு

பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கே குடிபெயர்ந்தோரும், போடிமெட்டு ஏறி மலைத்தோட்டங்களுக்குச் சென்றோரும், அவ்விடங்களிலிருந்து பெங்களூர், மும்பை, தில்லி முதலிய நகரங்களில் வந்து வாழ்வோருமாகிய நம் நேயர்களுள் நாய் வளர்ப்போர் பலர். இந்நாளில் நகரத்து அடுக்குமாடி வீடுகளில் பீகிள் என்னும் சிறு நாயைக் காண்பது அரிதன்று. நீண்டு தொங்கும் காது, குட்டையான கால், எப்போதும் தரையை நோக்கிய மூக்கு ஆகியவை அதன் அடையாளங்கள். மாலையில் அதனை உலாவ அழைத்துச் செல்பவரை அது ஒவ்வொரு புதரண்டையும் நிறுத்திவிடும். பலர் இதனைப் பிடிவாதம் என்று எண்ணுகிறார்கள். அது பிடிவாதமன்று, தன் குலத்தொழிலை அது மறக்கவில்லை என்பதே உண்மை. அத்தொழிலின் திறமையை அளந்து தீர்ப்புச் சொல்லும் நடுவரைப் பற்றியும், அப்பணியில் ஒருவர் எவ்வாறு புகலாம் என்பதைப் பற்றியும் இங்கே கூற விரும்புகிறோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். வேட்டை நாய்களில் கண்ணால் வேட்டையாடுவன ஒருவகை. மூக்கால் வேட்டையாடுவன மற்றொருவகை. நம் நாட்டுச் சிப்பிப்பாறையும் கன்னியும் முதல்வகையைச் சேர்ந்தவை. ஒடுங்கிய முகமும் மெலிந்த இடையும் நீண்ட காலும் வாய்ந்த இவை, ஓடும் விலங்கைக் கண்டவுடன் அம்புபோற் பாய்கின்றன; கண்ணினின்று இரை மறைந்தால் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. பீகிள் அத்தகையதன்று. முயலை அது காணாமலே துரத்தும். முயல் சென்று சில நிமிடங்கள் ஆன பின்னரும், மண்ணிலும் புல்லிலும் தங்கிய வாசனையைப் பற்றிக்கொண்டு, குரல் கொடுத்தவாறே தடம் பிடித்துச் செல்லும். இடுக்கி மாவட்டத்து இராமக்கல்மேட்டில் நின்று கிழக்கே நோக்கினால் கம்பம் பள்ளத்தாக்கில் கோம்பை என்னும் ஊர் தெரியும். அவ்வூரின் பெயரைத் தாங்கிய கோம்பை நாயோ காவலுக்கும் துணிவுக்கும் பேர்பெற்றது. ஆகவே, ஒரே அளவுகோலைக் கொண்டு இம்மூன்றையும் அளக்கப் புகுபவர் நடுவராகத் தகுதியற்றவர். எந்நாய் எத்தொழிலுக்கு உரியது என்பதே நடுவரின் முதற்பாடம்.

பீகிள்களுக்கான களப்போட்டி அமெரிக்க நாட்டில் 1890-ஆம் ஆண்டு தொடங்கியது. அங்கே இன்றும் அது நடைபெறுகின்றது. நாய்களை உயரத்தால் இரு வகுப்பாகப் பிரிக்கின்றார்கள். தோள் உயரம் 13 அங்குலத்துக்கு மேற்படாதவை ஒரு வகுப்பு. 13 அங்குலத்துக்கு மேல் 15 அங்குலம் வரை உள்ளவை மற்றொரு வகுப்பு. சீட்டுக் குலுக்கி இரண்டிரண்டாக இணைத்து ஓட்டுவது ஒரு முறை. ஏழெட்டு நாய்களைச் சிறு கூட்டமாக ஓட்டுவது இன்னொரு முறை. பெருங்கூட்டமாகப் பல மணி நேரம் ஓட்டுவது மூன்றாம் முறை. ஒவ்வொரு வகுப்புக்கும் நடுவர் இருவர். முதற்சுற்றில் சிறந்து நின்றவற்றை மீண்டும் அழைத்து ஓட்டிப் பார்த்து, நான்கு இடங்களையும், அவற்றை அடுத்து நிற்கும் ஒரு நாயையும் அறிவிக்கின்றார்கள். இப்போட்டியில் முயலைக் கொல்வது நோக்கமன்று. தடத்தைப் பிசகாது பின்பற்றுவதே நோக்கம்.

இதனைக் கேட்டவுடன், ஊருக்குச் செல்லும்போது நாமும் அவ்வாறு ஓட்டிப் பார்ப்போமே என்று இளைஞர் சிலர் எண்ணக்கூடும். அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்னும் சொல்லுக்குக் கொல்லுதல் என்று மட்டும் பொருள் கூறவில்லை. பிடித்தல், கண்ணி வைத்தல், விரட்டுதல், நாயை ஏவித் துரத்துதல், இவற்றுக்கு முயலுதல் ஆகிய யாவும் அச்சட்டப்படி வேட்டையே ஆகும். நம் காட்டு முயல் அச்சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்ற உயிர். திருவிழாவை ஒட்டி ஊர்கூடி முயல் வேட்டைக்குச் செல்லும் பழக்கம் தமிழ்நாட்டின் சில பகுதிகளில் இருந்துவந்தது. அவ்வாறு சென்றோர் வனத்துறையினரிடம் பிடிபட்டதும் உண்டு. பாலக்காட்டு எல்லையில் பரம்பிக்குளமும், இடுக்கியில் இரவிகுளம், சின்னாறு, பெரியாறு ஆகியவையும் காக்கப்பட்ட காடுகள். பாட்டன் காலத்து வழக்கம் என்பது நீதிமன்றத்தில் விடையாகாது. ஊரிலுள்ள தம்பிமார்க்கும் மைத்துனன்மார்க்கும் இதனை எடுத்துரைப்பது வெளியூரில் வாழும் நம் கடமையுமாகும்.

சட்டத்துக்கு அப்பால் மற்றொரு காரணமும் உண்டு. வீட்டு நாயிடமுள்ள நோய் காட்டு விலங்கைத் தொற்றும். 2018-ஆம் ஆண்டு குஜராத்தின் கிர்க் காட்டில் சிங்கங்கள் பல மாண்டபோது, நாய்களிடம் பரவலாகக் காணப்படும் டிஸ்டெம்பர் என்னும் நோயின் நச்சுயிரி அவற்றிடம் கண்டறியப்பட்டது. தடுப்பூசி போடாத நாயைக் காட்டோரம் அவிழ்த்துவிடுபவர் எத்தகைய தீங்குக்கு வழி திறக்கிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவ்வாறாயின் இந்நாட்டில் மோப்பத்தைச் சோதிக்க வழியே இல்லையா? உண்டு. உயிருள்ள முயலுக்கு மாறாக, மனிதர் நடந்து இட்ட தடத்தையோ, வாசனை ஊட்டிய துணியை இழுத்து இட்ட தடத்தையோ நாய் பின்பற்றுமாறு செய்வதே அவ்வழி. இங்கிலாந்திலும் 2004-ஆம் ஆண்டு இயற்றிய சட்டம், மறு ஆண்டு முதல், நாயைக் கொண்டு முயல் துரத்துவதைத் தடுத்துவிட்டது. அங்குள்ள நாய்க்கூட்டங்களும் இட்ட தடத்தையே நாடலாயின. அமெரிக்க நாட்டில் இதற்கெனத் தனித் தேர்வுகள் உள்ளன. தொடக்கத் தேர்வில் தடத்தின் நீளம் 440 முதல் 500 கஜம். திருப்பங்கள் மூன்று முதல் ஐந்து. தடம் இட்டு அரைமணி முதல் இரண்டு மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். அடுத்த படியில் நீளம் 800 முதல் 1000 கஜம்; தடத்தின் வயதோ மூன்று முதல் ஐந்து மணி நேரம்; இடையிடையே வேற்று மனிதரின் தடம் குறுக்கிடும். முடிவில் ஒரு கையுறையோ வேறு பொருளோ கிடக்கும். அதனை நாய் கண்டெடுத்துக் காட்ட வேண்டும். இங்கும் நடுவர் இருவரே.

இட்ட தடத்தில் நடுவர்க்கு ஒரு வசதி உண்டு. முயலின் போக்கை முயல்தான் அறியும். இட்ட தடமோ வரைபடத்தில் உள்ளது. திருப்பம் எவ்விடம், தடம் பாதையைக் கடப்பது எவ்விடம் என்பதெல்லாம் நடுவர் கையில் இருக்கும். ஆகவே பழகத் தொடங்குபவர்க்கு இதனினும் சிறந்த பள்ளி இல்லை. தடத்தை இடுபவராக முதலில் சில மாதம் பணி செய்க. எவ்விடத்தில் புல் உயர்ந்திருந்தது, எவ்விடத்தில் கல் தரை, எவ்விடத்தில் காற்று எதிர்த்தது என்று குறித்து வைக்க. பின்னர் நாய் வரும்போது அதன் தலை எங்கே உயர்கிறது, வால் எங்கே தளர்கிறது, நடை எங்கே குறைகிறது என்று அக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க. இவ்வாறு சில பத்துத் தடங்களைப் பார்த்தவர், வரைபடம் இன்றியே நாயின் உடம்பைப் படிக்கத் தொடங்கிவிடுவார்.

இனி நடுவர் தேடவேண்டிய குணங்களையும் குற்றங்களையும் கூறுவோம். தேடும் ஊக்கம், தடத்தைப் பிசகாது பற்றும் நுட்பம், சோர்வில்லா உழைப்பு, பொறுமை, பிற நாயை நம்பியிராத தன்மை, அதே வேளையில் பிற நாயோடு இசைந்து உழைக்கும் பண்பு, குரலை உரிய இடத்தில் மட்டும் பயன்படுத்தும் நேர்மை ஆகியவை குணங்கள். குற்றங்களோ பல. தடமே இல்லாத இடத்தில் குரைப்பது பொய்க்குரல். தடம் இருந்தும் வாய் திறவாது தான்மட்டும் ஓடுவது ஊமையோட்டம். வந்த வழியே தடத்தைத் திருப்பிப் பிடிப்பது பின்னோட்டம். கண்ட இடத்திலேயே நின்று ஓயாது முகர்ந்துகொண்டிருப்பது வீண்காலம். தடத்தை விட்டு ஓரமாகச் சென்று, பிற நாய் உழைத்துக் கண்ட பயனை முன்னே போய்ப் பறிப்பது களவு. இவற்றுள் பொய்க்குரலும் களவும் பெருங்குற்றங்கள் என்பது நம் கருத்து. ஏனெனில் அவை தம் வேலையைக் கெடுப்பதோடு மற்ற நாய்களின் வேலையையும் கெடுக்கின்றன.

ஆயினும் குற்றங்களை எண்ணிக் கழிப்பது நடுவர் வேலையன்று. குற்றமே செய்யாத நாய் ஒன்றுமே செய்யாத நாயாகவும் இருக்கக்கூடும். தடத்தை முன்னே கொண்டுசென்றது எந்நாய் என்பதே முதற்கேள்வி. சிறு பிழை இரண்டு செய்தும் தடத்தை முக்காற்பங்கு தானே நடத்திய நாய், பிழையின்றிப் பின்னே வந்த நாயினும் மேலானது. பொள்ளாச்சிப் பக்கத்து ரேக்ளா ஓட்டத்தில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் அளந்து, கடிகாரத்தைப் பார்த்து வெற்றியை முடிவு செய்கிறார்கள். அங்கே வேகம் ஒன்றே நடுவர். மோப்பப் போட்டியில் கடிகாரம் உதவாது. மனிதர் ஒருவரின் கண்ணும் மனமும் அளவுகோல் ஆவதால்தான் இப்பணி கடினமாகின்றது.

நாயின் உண்மை மதிப்பு வெளிப்படுமிடம் தடம் அறும் இடமே. முயல் திடீரெனத் திரும்புகிறது. அல்லது தடமிட்டவர் செங்கோணமாகத் திரும்புகிறார். வேகமாக வந்த நாய் சில கஜம் தாண்டிவிடும். நல்ல நாய் அதனை உடனே உணர்ந்து நின்று, தடம் அறுந்த இடத்தைச் சுற்றி முதலில் நெருக்கமாகவும், பின்னர் சிறிது சிறிதாக வட்டத்தை விரித்தும் தேடும். நல்லதல்லாத நாய் நாற்பது கஜம் தள்ளிச் சென்று குருட்டு அதிர்ஷ்டத்தை நாடும். சிலவேளை அதற்கு அதிர்ஷ்டம் கிட்டிவிடும், கூட்டம் கைதட்டும். நடுவர் கைதட்டலாகாது. கண்டுபிடித்ததா என்று மட்டும் பாராது, எவ்வாறு கண்டுபிடித்தது என்றும் பார்ப்பதே அவர் கடன். இதற்காக அவர் எப்போதும் தடத்தின் பக்கவாட்டில், சற்றுப் பின்னே வரவேண்டும். தடத்தின் குறுக்கே நடந்தால் அவர் காலடியே வாசனையைக் குலைத்துவிடும். அதனால் ஒரு நாய் தோற்குமானால், அத்தோல்வி நாயினுடையதன்று.

வாசனை என்பது காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும் பொருள். நம் எல்லைப்புறங்களையே எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு இடைவெளிவிட்டது பாலக்காட்டுக் கணவாய். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அவ்வழியே வீசும். கொழிஞ்சாம்பாறை, சிற்றூர் பக்கத்து வெட்டவெளியில் அக்காலத்தில் இட்ட தடம் விரைவில் உலர்ந்து சிதறிவிடும். வாசனை காற்றடிக்கும் பக்கமாகப் பல கஜம் விலகி வரப்போரத்திலும் புதரிலும் தங்கும். அங்கே நாய் தடத்துக்கு இணையாகத் தள்ளி ஓடினால் அது பிழையன்று. வாசனை அங்கேதான் இருக்கின்றது. மூணாற்றைச் சூழ்ந்த மலைச்சரிவில் பனியும் ஈரமும் மிகுதி. விடியற்காலையில் வாசனை தரையோடு படிந்து கிடக்கும்; நாய் எளிதில் பற்றும். வெயில் ஏறிச் சரிவு சூடேறினால் காற்று மேல்நோக்கி எழும். வாசனையும் உடன் எழும். மழைமறைவுப் பகுதியாகிய மறையூரிலோ வறட்சியும் கல்லும் மிகுதி. காலை ஏழு மணிக்கு மூணாற்றில் ஓடிய நாயையும், பதினொரு மணிக்குக் கணவாய்க் காற்றில் ஓடிய நாயையும் ஒரே கணக்கில் வைத்துத் தீர்ப்புச் சொல்பவர், இருவேறு பாடத்தில் தேர்வெழுதிய மாணவர்க்கு ஒரே விடைத்தாளைக் கொண்டு மதிப்பெண் இடுபவரை ஒப்பார்.

இப்பணியில் புக விரும்புவோர் என்ன செய்யலாம்? முதலாவது, நாயை வளர்த்துப் பழக்கித் தாமே களத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தோல்வியின் சுவை அறியாதவர் தீர்ப்பின் கனத்தை அறியார். இரண்டாவது, போட்டிகளில் ஏவலராகப் பணிபுரிய வேண்டும். பெயர் அழைத்தல், தடமிடுதல், வேடிக்கை பார்ப்போரை ஒதுக்கி நிறுத்துதல் முதலிய சிறு வேலைகளே பெரும்பாடம் தருவன. மூன்றாவது, தேர்ந்த நடுவர் ஒருவர் அருகில் நின்று, தம் தீர்ப்பைத் தனியே எழுதி வைத்து, அவர் தீர்ப்போடு ஒப்பிட்டு, மாறுபட்ட இடத்துக்குக் காரணம் கேட்க வேண்டும். நான்காவது, விதிகளை முழுமையாகக் கற்க வேண்டும். இந்தியக் கென்னல் கிளப் 1896-ஆம் ஆண்டு தோன்றி, இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகின்றது. அதனோடு இணைந்த கழகங்கள் பல மாநிலங்களிலும் கண்காட்சிகள் நடத்துகின்றன. நேயர்கள் தாம் வாழும் நகரத்துக் கழகத்தை அணுகினால், நடுவர் பயிற்சி குறித்த நடைமுறையை நேரில் அறியலாம். கண்காட்சி நடுவர் உருவத்தைப் பார்ப்பவர். கள நடுவர் செயலைப் பார்ப்பவர். முன்னதைக் கற்றவர்க்குப் பின்னது தானே வந்துவிடும் என்று எண்ணலாகாது.

ஒரு நடுவரின் தீர்ப்பு அன்று மாலையோடு முடிவதில்லை. வென்ற நாயின் குட்டிகளையே மக்கள் நாடுவர். அமெரிக்க நாட்டில் இதற்குத் தக்க சான்று உண்டு. இரண்டிரண்டாக ஓட்டும் போட்டிகளில் பல்லாண்டுகள் நடுவர்கள் தடம் பிசகாமை ஒன்றையே போற்றினர். அதற்கேற்ப வளர்ப்போரும் மெதுவான நாய்களையே தேர்ந்து வளர்த்தனர். இறுதியில் அந்நாய்கள் ஊர்ந்து செல்வனபோல் ஆகிவிட்டன. வேட்டைக்குப் பயன்படவில்லை என்று வேட்டைக்காரர் பிரிந்து சென்று, சிறு கூட்டப் போட்டி முதலிய வேறு முறைகளை வளர்த்தனர். நுட்பம் நல்ல குணமே. ஆனால் நடுவர் ஒரு குணத்தை மட்டும் போற்றினால் ஒரு குலமே கோணிப்போகும். நம் நாட்டு நாயினங்களுக்கும் இஃது எச்சரிக்கையாகும். இராசபாளையம் நாய்க்கு 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. அவ்வினத்தின் நிறத்தையும் உயரத்தையும் மட்டும் பார்த்துப் பரிசளித்து, காவற்குணத்தை மறந்தால், தபால் தலையில் மட்டும் அந்நாய் எஞ்சும்.

நடுவர்க்கு வரும் சோதனை பெரும்பாலும் பணத்தால் வருவதன்று, பழக்கத்தால் வருவது. ஒரே வட்டாரம், ஒரே சாதிசனம், சென்ற ஆண்டு தம் வீட்டில் விருந்துண்ட நண்பர் என்னும் கட்டுகள் நம்மவரிடையே வலியவை. திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரம் நடுவு நிலைமை என்று பெயர் பெற்றிருப்பதை நாம் எல்லோரும் பள்ளியிற் படித்தோம். அதனைக் களத்திற் கடைப்பிடிக்கும் எளிய வழி ஒன்று உண்டு. நாயைப் பார்க்க, நாயைப் பிடித்திருப்பவரைப் பாராதிருக்க. தீர்ப்பு அறிவிக்கும் முன் உடன் நடுவரோடு கலந்து பேசுக. அறிவித்த பின் காரணத்தைக் கேட்பவர்க்குப் பொறுமையாகக் கூறுக. ஆனால் தீர்ப்பை மாற்றற்க. கண்ணாற் கண்டதை மட்டும் கணக்கிற் கொள்க. பிறர் சொல்லக் கேட்டதை விட்டுவிடுக.

இவ்வளவு கவனம் ஒரு விளையாட்டுக்கு வேண்டுமோ என்று சிலர் வினவலாம். அவர்க்கு இடுக்கியே விடை கூறும். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த இராசமலைப் பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளை மூடிவிட்டது. எழுபதுபேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். மண்ணுக்கடியிலும் ஆற்றோரத்திலும் கிடந்தோரைத் தேட மோப்ப நாய்கள் வந்தன. பழக்கம் ஏதும் பெறாத குவி என்னும் வீட்டு நாய் ஒன்றும், தான் வளர்ந்த வீட்டுக் குழந்தையின் உடல் கிடந்த இடத்தைப் பல நாள் கழித்து அங்கே காட்டிக் கொடுத்தது. 2024-ஆம் ஆண்டு வயநாட்டில் நேர்ந்த பெருஞ்சரிவிலும் நாய்களே பல இடங்களில் தேடுவோர்க்கு வழிகாட்டின.

அத்தகைய இடத்தில் ஒரு நாய் பொய்க்குரல் எழுப்பினால் என்ன ஆகும்? அங்கே மண்வெட்டியோடு நூறுபேர் தோண்டுவர்; ஒன்றும் இராது. அந்நேரத்தில் வேறிடத்தில் ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கலாம். காத்திருக்கும் தாய் ஒருத்தி வீணாக நம்பி வீணாகத் துடிப்பாள். களத்தில் பொய்க்குரலுக்கு இடம் கொடாத நடுவர், அத்தகைய துயரத்தைப் பல்லாண்டுகளுக்கு முன்னரே தடுப்பவர் ஆகிறார். திருச்சூர் இராமவர்மபுரத்திலுள்ள கேரளக் காவல் துறைப் பயிற்சிக் கழகத்தில் நாய்களுக்கென ஒரு பள்ளி நடைபெறுகின்றது. அண்மை ஆண்டுகளில் அத்துறையின் நாய்ப் பிரிவில் பீகிளும், நம் சிப்பிப்பாறையும் கன்னியும் இடம் பெற்றுள்ளன. விளையாட்டாகப் போற்றப்படும் திறமை எங்கே பயன்படுகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

வெளி மாநிலத்தில் வாழும் நேயர்கள் இவ்வாரமே செய்யத்தக்கது ஒன்று உண்டு. உங்கள் நாய்க்குரிய தடுப்பூசிகளை முறையாகப் போட்டபின், விடியற்காலையில் பூங்காவிலோ திறந்தவெளியிலோ, உரியவரின் ஒப்புதலோடு, வீட்டார் ஒருவரை நூறு கஜம் நடந்து ஒரு திருப்பம் திரும்பச் சொல்லுங்கள். முடிவில் அவர் கைக்குட்டையை அங்கே போடச் சொல்லுங்கள். கால்மணி கழித்து, இருபது அடிக் கயிற்றில் நாயைக் கட்டி விடுங்கள். நீங்கள் முந்த வேண்டா, இழுக்க வேண்டா, வழிகாட்ட வேண்டா. திருப்பத்தில் அது என்ன செய்கிறது என்பதை மட்டும் கண்டு எழுதி வையுங்கள். நடுவரின் குறிப்பேட்டில் முதற்பக்கம் அதுவே ஆகும்.